பெட்டிக்குள் ஒரு பேய், பைக்குள் 999 காசு: கிம்மிகூலைப் பிடித்து வளர்ப்பது எப்படி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கிற பழைய சாமான் கடைகளுக்குள் ஒரு தடவையாவது நுழைந்து பார்த்திருப்பீர்கள். பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, தேக்குத் தூண், ரசம் போன கண்ணாடி என்று குவிந்து கிடக்கிற இடத்தில் ஏதோ ஒரு மூலையில், பூட்டு துருப்பிடித்த பெட்டி ஒன்று யாரும் சீந்தாமல் உட்கார்ந்திருக்கும். போகிமான் வீடியோ விளையாட்டில் வருகிற கிம்மிகூல் என்ற குட்டிப் பேயைப் பற்றி, அந்த விளையாட்டின் போகிடெக்ஸ் என்கிற குறிப்பேட்டில் எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட இதேதான். பழைய புதையல் பெட்டிக்குள் குடியிருக்குமாம், அது ஒரு போகிமான் என்று யாருக்கும் தெரியாததால் சிலசமயம் கடை மூலையிலேயே கிடந்துவிடுமாம். முதல்முறை படித்தபோது, இதை எழுதின ஆள் நம்ம ஊருக்கு வந்து போயிருப்பாரோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

போகிமான் ஸ்கார்லெட், வயலெட் என்ற இரண்டு விளையாட்டுகளும் 2022 நவம்பர் 18-ல் நின்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் வந்தன. அதில் வந்த ஆவி வகைப் போகிமான் இது, தேசிய வரிசையில் எண் 999. இதை வளர்த்தால் எண் 1000, கோல்டெங்கோ என்ற வேறு உருவமாக மாறும். அப்படி வளர்க்க வேண்டுமென்றால் காசு சேர்க்க வேண்டும், எத்தனை என்றால் அதுவும் 999. இருநூறு, இருநூற்றைம்பது வரை சேர்த்துவிட்டு "போதும்டா சாமி" என்று விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர். அவர்கள் விட்டதற்குக் காரணம் சோம்பல் இல்லை, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்ததுதான். இதற்கு வட்டிக்கடைக்காரர் புத்தி வேண்டும், வேட்டைக்காரர் புத்தி உதவாது.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். இதில் இரண்டு உருவம் உண்டு. பெட்டிக்குள் இருக்கிறது 30 சென்டிமீட்டர் உயரம், 5 கிலோ. பெட்டி கிடைக்காமல் ஒற்றைக் காசை முதுகில் சுமந்துகொண்டு அலைகிறது 10 சென்டிமீட்டர், ஒரு கிலோ. பாகப்பிரிவினையில் ஒரு பங்காளிக்குப் பெட்டகம் போய், இன்னொருவருக்கு ஒரு செல்லாக் காசு மட்டும் கிடைத்த மாதிரி வைத்துக்கொள்ளுங்களேன். பெட்டிக்காரனுக்கு வேகம் வெறும் 10, அலைகிறவனுக்கு 80. பெட்டியோடு இருப்பதைப் பிடிக்கலாம். அலைகிறதை ஸ்கார்லெட், வயலெட்டில் பிடிக்கவே முடியாது, கிட்டப் போய் ஏ பட்டனை அழுத்தினால் கையில் கொஞ்சம் காசைப் போட்டுவிட்டு ஓடிப்போகும். இது தெரியாமல் அதன் பின்னாலேயே போகிமானைப் பிடிக்கிற பந்தைத் தூக்கி எறிந்து நான் ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்திருக்கிறேன்.

பெட்டி எங்கே கிடைக்கும்? விளையாட்டு நடக்கிற பால்டியா நாடு முழுக்க பாழடைந்த காவல் கோபுரங்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றின் உச்சியிலும் ஏறிப் பாருங்கள். இடிபாடுகளுக்கு நடுவிலும் சிலது உண்டு. உச்சியில் தன்னந்தனியாக ஒரு பெட்டி இருந்தால் அதுதான். ஏ அழுத்தினால் மூடி திறந்து சண்டைக்கு வரும். ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே, முதல் ஒன்றிரண்டு கோபுரத்திலேயே ஒன்றைப் பிடித்து வைத்துவிடுங்கள், பின்னால் போகிற இடங்களில் லெவல் கூடிக்கொண்டே போகும்.

பிடிக்கும்போது நிறையப் பேர் இடறுகிற இடம் ஒன்று இருக்கிறது. எந்தப் போகிமானைப் பிடிக்கவும் ஃபால்ஸ் ஸ்வைப் போட்டு உயிரை ஒன்றுக்குக் குறைப்பது நமக்குப் பழகிப்போன வித்தை. அது நார்மல் வகைத் தாக்குதல், ஆவி மேல் படவே படாது. ஃபைட்டிங் வகையும் அப்படித்தான், காற்றில் குத்துகிற மாதிரி. ஆவியும் இருளும் மட்டும் இரட்டிப்பாக விழும், ஆனால் அதை ஓங்கிப் போட்டால் பிடிக்க வேண்டியது படுத்துவிடும். அதனால் நீர், புல் மாதிரி எதையாவது, லெவல் குறைந்த போகிமானை வைத்து மெதுவாகத் தட்டிவிட்டு, முடிந்தால் தூங்க வைத்துவிட்டுப் பந்தை எறியுங்கள். அவசரக்காரர்கள் முதல் சுற்றிலேயே குவிக் பால் எறியலாம், எனக்கு அதுவே பாதி நேரம் போதுமானதாக இருந்தது. இரவு நேரம் என்றால் டஸ்க் பால். பயப்பட ஒன்றும் இல்லை, அதன் கையில் இருப்பதே அஸ்டானிஷ், டாக்கிள் என்று இரண்டு நோஞ்சான் அடிகள்தான்.

கரண்ட் போன ஒரு சாயங்காலம் வளவில் உட்கார்ந்து இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அப்பத்தா எட்டிப் பார்த்தார்கள்.

"என்னப்பா அது, பெட்டகமா?"

"பேய் அப்பத்தா. பெட்டிக்குள்ள இருக்கு, பிடிக்கிறேன்."

"பேயைப் போய் யாராச்சும் பிடிப்பாகளா? அதுல்ல நம்மளப் பிடிக்கும்."

அன்றிலிருந்து தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது "இன்னைக்கு எத்தனை காசு வந்துச்சு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் கேட்டதால்தான் நான் எழுதி வைக்கவே ஆரம்பித்தேன், எழுதி வைத்ததால்தான் முடித்தேன்.

சரி, காசு கணக்குக்கு வருவோம். பெட்டிக் கிம்மிகூலைப் பிடித்தாலும் சரி, அடித்து வீழ்த்தினாலும் சரி, ஐம்பதை ஒட்டிக் காசு கிடைக்கும். அலைகிற கிம்மிகூல் பெரும்பாலும் பத்துக்குள்தான் கொடுக்கும், என்றைக்காவது மனசு வந்து கூடுதலாகக் கொட்டும். அப்படிப் பார்த்தால் பெட்டிகளை மட்டும் நம்பினால் ஏறக்குறைய இருபது பெட்டி வேண்டும். கேட்க எளிது, ஆனால் ஒருமுறை திறந்த பெட்டி அடுத்த நிமிஷமே திரும்ப வந்து உட்காராது. நாள் மாற வேண்டும், மாறினாலும் எல்லா இடத்திலும் வராது. இதனால்தான் ஒரே மூச்சில் முடிக்க நினைக்கிறவர்களுக்கு மூச்சு முட்டுகிறது.

நான் செய்தது இவ்வளவுதான். ஒரு பழைய நோட்டை எடுத்து, இடது பக்கம் கோபுரங்கள், வலது பக்கம் அலைகிறவர்கள் நிற்கிற இடங்கள் என்று எழுதினேன். அலைகிறவன் என்று பெயரே தவிர, அவன் நிற்கிற இடங்கள் நிலையானவைதான்: பாறைக்குப் பின்னால், பெயர்ப் பலகைக் காலடியில், இடிந்த சுவர் மூலையில், ஊருக்குள் பெஞ்சுக்குப் பக்கத்தில், சின்னப் பிள்ளை கண்ணாமூச்சி ஆடும்போது ஒளிகிற இடங்களில். பத்து சென்டிமீட்டர் ஆள், தூரத்திலிருந்து பார்த்தால் தட்டுப்படாது, வண்டியில் பறந்துபோகிற மாதிரி சவாரி செய்கிற போகிமானான கோரைடான் மேல் போனால் கண்டிப்பாகத் தவறவிடுவீர்கள், இறங்கி நடக்க வேண்டும். ஒரு இடத்தில் ஒருமுறை பார்த்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மூன்று நாள் கழித்து அதே இடத்துக்குப் போங்கள். பல கோபுரங்களுக்கு ஒருமுறை போய்விட்டால் அப்புறம் வரைபடத்திலிருந்தே பறந்து போகலாம், அதனால் முதல் வாரம் காசைப் பற்றிக் கவலைப்படாமல் எல்லாக் கோபுரத்தையும் ஒரு சுற்று தொட்டுவிட்டு வருவது நல்லது. பிறகு தினமும் அரை மணி நேரம், ஐந்தாறு கோபுரம், வழியில் கண்ணில் படுகிற சில்லறை. சனிக்கிழமை ராத்திரி ஐந்தொகை போட்டுப் பார்ப்பேன். முதல் வாரம் 180-க்குள்தான் வந்தது, மனசு விட்டுப்போனது. இரண்டாவது வாரம் இடங்கள் கைப்பழக்கம் ஆனதும் முந்நூறைத் தாண்டியது.

இங்கே ஒரு விஷயத்தைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். பையில் 999 காசுக்கு மேல் சேராது. இரண்டாவது கோல்டெங்கோவுக்கும் சேர்த்து மொத்தமாகப் பதுக்கி வைக்கலாம் என்கிற கணக்கெல்லாம் செல்லாது. நிறைந்ததும் ஒன்றை வளர்த்துவிட்டு, திரும்பவும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குங்கள்.

நிறைந்துவிட்டது, வளரவில்லை என்று கலங்குகிறவர்களுக்கு: காசு நிறைந்தால் மட்டும் போதாது, நிறைந்த பிறகு கிம்மிகூல் ஒரு லெவல் ஏற வேண்டும். ஒரு லெவல் ஏற்றிவிடுகிற ரேர் கேண்டி ஒன்று கொடுத்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அதைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு சாதாரணச் சண்டை ஒன்றில் ஜெயியுங்கள், அனுபவம் எல்லாருக்கும் பங்காகப் போகும். ஆனால் ஆர் பட்டன் அழுத்தி முன்னால் ஓடவிட்டுத் தானாகச் சண்டை போட வைப்பீர்களே, அதில் லெவல் ஏறினால் வளர்ச்சி நடக்காது. நான் 999-ஐத் தொட்ட சந்தோஷத்தில் அப்படித்தான் ஓடவிட்டு, லெவல் ஏறியும் பெட்டி பெட்டியாகவே நிற்பதைப் பார்த்து, விளையாட்டே கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டினேன். ஒரு கேண்டி கொடுத்ததும் சரியாகிவிட்டது.

வளர்கிற காட்சியை அப்பத்தாவுக்குக் காட்டினேன். தங்கக் காசாலேயே உடம்பு செய்த மாதிரி ஒரு ஆள் எழுந்து நின்றான். உடம்பில் ஆயிரம் காசு இருக்கிறதாம். நாம் கொடுத்தது 999, மீதி ஒன்று அவனுடையது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆயிரம் ஜன்னல் வீட்டுக்கு எதிரில் கொண்டுபோய் நிறுத்தினால் பொருத்தமாக இருப்பான். பையைத் திறந்தால் காசு காலி. "அம்புட்டையும் குடுத்துட்டியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "பத்திரம் எழுதுனியா?" என்றார்கள்.

கொடுத்ததுக்கு லாபம் என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். கோல்டெங்கோ இரும்பும் ஆவியும் கலந்த வகை. நார்மல், ஃபைட்டிங், பாய்சன் மூன்றும் அதன் மேல் பலிக்காது. ஸ்பெஷல் அட்டாக் 133, அதுதான் அதன் பலம், வேகம் 84 என்பதால் எல்லாரையும் முந்திவிடாது. இதன் குட் ஆஸ் கோல்ட் திறமைதான் பெரிய சொத்து: எதிராளி தூங்க வைக்கப் பார்த்தாலும், முடக்கப் பார்த்தாலும், விஷம் வைக்கப் பார்த்தாலும் அந்த வகை நிலைத் தந்திரங்கள் இதன் மேல் ஒட்டாது. தரையில் நீங்கள் விரித்த முள்ளை எதிராளி டீஃபாக் என்ற தந்திரத்தை இதன் மேல் போட்டு அகற்ற முடியாது, அதே வேலையைச் செய்கிற ராப்பிட் ஸ்பின் தாக்குதலும் ஆவி என்பதால் செல்லாது. அதனால் முதலில் வேறு ஒரு போகிமானை வைத்துத் தரையில் கல்லும் முள்ளும் பரப்பிவிட்டு, பிறகு இதை இறக்குகிறவர்கள் உண்டு. எனக்கும் அந்த வழிதான் பிடித்திருக்கிறது.

தாக்குதலில் மேக் இட் ரெயின் கட்டாயம் வேண்டும். 120 பலம், குறி தப்பாது, இரட்டையர் ஆட்டத்தில் எதிரில் இருக்கிற இரண்டு பேர் மேலும் விழும், போட்டி முடிந்ததும் சிதறினது விளையாட்டுப் பணமாக உங்கள் கைக்கு வரும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஸ்பெஷல் அட்டாக் ஒரு படி இறங்கும், காசை வாரி இறைத்தால் கை சுருங்கத்தானே செய்யும். இரண்டு தடவைக்கு மேல் தொடர்ந்து போடாமல், நடுவில் நாஸ்டி பிளாட் என்ற தந்திரத்தால் அதைத் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள், அல்லது ஆளை மாற்றிவிடுங்கள். கூட ஆவித் தாக்குதலான ஷேடோ பால், உயிர் குறையும்போது ரிக்கவர், அவ்வளவு போதும். சுபாவம் மாடெஸ்ட் அல்லது டிமிட், வேறு எதுவாக இருந்தாலும் மின்ட் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். நெருப்பு, மண், ஆவி, இருள் நான்கும் எமன். எதிரில் கிங்காம்பிட் என்ற போகிமான் இருந்தால் துணிச்சல் காட்டாதீர்கள், அதன் இருள் வகை அடியான சக்கர் பஞ்சில் ஆளே காலி.

அப்புறம் போனில் நடந்துகொண்டே ஆடுகிற போகிமான் கோ. ஸ்விட்ச் இல்லாதவர்களுக்கு இந்தப் பகுதி பாதிதான் உதவும், ஏனென்றால் நான் செய்த வழிக்கு ஸ்கார்லெட் அல்லது வயலெட் இருக்கிற ஸ்விட்ச் ஒன்று எங்கேயாவது வேண்டும். என் முதல் இணைப்பு சிங்கப்பூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த சித்தப்பா மகனின் ஸ்விட்சில்தான் நடந்தது. ஸ்விட்சில் மெனுவைத் திறந்து, போக்கே போர்ட்டல், மிஸ்டரி கிஃப்ட், அதற்குள் போகிமான் கோவுடன் இணைக்கும் தேர்வு. போனில் செட்டிங்ஸ், இணைக்கப்பட்ட சாதனங்கள், நின்டெண்டோ ஸ்விட்ச். இரண்டும் ஒன்றை ஒன்று கண்டுகொண்டதும், உங்கள் போஸ்ட்கார்டு புத்தகத்தில் இருக்கிற ஒரு அஞ்சல் அட்டையை ஸ்விட்சுக்கு அனுப்புங்கள். அதனால் முதலில் அந்தப் புத்தகத்தில் அட்டை ஒன்றாவது சேர்த்து வைத்திருக்க வேண்டும். அனுப்பினதும் காசுப்பை ஒன்று போனில் கிடைக்கும். அதைத் திறந்தால் அரை மணி நேரத்துக்கு, அலைகிற கிம்மிகூல் உங்களைத் தேடி வரும், இங்கே அதைப் பிடிக்கவும் முடியும். இப்படிப் பிடித்ததை போகிமான் ஹோம் என்ற செயலி வழியாக ஸ்விட்சுக்குக் கொண்டுபோகலாம், திரும்பக் கொண்டுவர முடியாது, அந்த வழி ஒருவழிப் பாதை. போனில் சேர்த்த காசும் ஸ்விட்சில் சேர்த்த காசும் தனித்தனிக் கணக்கு, ஒன்றை ஒன்றோடு கூட்ட முடியாது. இங்கேயும் வளர்க்க அதே 999.

காசுப்பையை எங்கே திறக்கிறீர்கள் என்பது முக்கியம். நான் முதல் பையைக் கானாடுகாத்தான் போகிற வழியில், பஸ்ஸில் உட்கார்ந்தே திறந்தேன். ஊர் எல்லை தாண்டினதும் டவர் போனது. முப்பது நிமிஷத்தில் இருபத்திரண்டு நிமிஷம் சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், கிடைத்தது ஒரே ஒரு கிம்மிகூல். சிக்னல் நாலு கோடு இருக்கிற இடத்தில், சார்ஜ் அறுபதுக்கு மேல் இருக்கும்போது, கையில் பந்து போதுமான அளவு இருந்தால் மட்டும் திறங்கள்.

மற்ற காசெல்லாம் நடையில்தான். கிம்மிகூலைத் துணையாக வைத்துக்கொண்டு நடந்தால் காசு பொறுக்கிக் கொடுக்கும். விளையாட்டு வரைபடத்தில் நிஜ இடங்களில் காட்டுகிற போக்கேஸ்டாப் ஒன்றில் யாராவது தங்க லூர் என்ற பொருளைப் போட்டு, அது தங்கமாக மாறியிருந்தால், அதைத் திரையில் சுழற்றினாலும் கிடைக்கும். நம்ம பக்கத்து ஊர்களில் ஸ்டாப் எல்லாம் பெரும்பாலும் கோவிலும் மண்டபமும்தான், ஊருக்கு நாலைந்து தேறினால் அதிகம், அதனால் தங்க ஸ்டாப்பை நம்பாமல் நடையை நம்புங்கள். நான் காலையில் ஊருணியைச் சுற்றி நாலு சுற்று வருகிறேன், அப்பத்தாவுக்கு நான் உடம்பைக் குறைக்கிறேன் என்று நினைப்பு.

ஊர் பார்க்க வந்து விளையாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பூட்டிக் கிடக்கிற வீடு என்றால் ஆளில்லாத வீடு என்று அர்த்தம் இல்லை. அவற்றுக்கு வாட்ச்மேன் உண்டு, பங்காளிகள் உண்டு, வருஷத்துக்கு ஒருமுறை முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வந்து திறப்பார்கள். முகப்புத் திண்ணையில் ஏறி நின்று போனை ஆட்டிக்கொண்டிருந்தால் திருடன் நோட்டம் பார்க்கிறான் என்றுதான் நினைப்பார்கள், என்னையே ஒருவர் "யாருப்பா நீ, யாரு வீட்டுப் பிள்ளை?" என்று நிறுத்தி, தாத்தா பெயர் வரை கேட்டுவிட்டுத்தான் விட்டார். ஏற வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்டாப்பை 80 மீட்டர் தூரத்திலிருந்தே சுழற்றலாம், இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் கொல்லைவாசலும் வைத்துக் கட்டின வீடாக இருந்தாலும் பெரும்பாலும் தெருவில் நின்றே எட்டும். சித்திரை வைகாசியில் பத்து மணிக்கு மேல் அந்தத் தெருக்களில் நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

என் போன் கணக்கில் இன்றைக்கு இருப்பு 687, பாக்கி 312. நாளைக்குக் கோட்டையூரில் ஒரு கல்யாணம், சாப்பாட்டுக்கு முன்னால் அங்கே ஊருணிக்கரையில் இரண்டு சுற்று வர நேரம் இருக்கும்.